நாங்கள் கேட்காமலே வந்த ஒன்பதாயிரம் ஸ்ட்ரீம்

சினிமாவுக்கு வெளியே, லேபிள் எதுவும் இல்லாமல், சொந்தக் காசில் தமிழில் ராக் பாட்டு போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் பேண்டின் முதல் சிங்கிள் (தனியாக வெளியிட்ட ஒரு பாட்டு) கேட்கப்பட்ட எண்ணிக்கையை, அதாவது ஸ்ட்ரீமை, யாரோ பொய்யாக ஏற்றிவிட்டார்கள். பழி எங்கள் மேல் விழுந்து பாட்டே நீக்கப்பட்டது. அது நடந்துகொண்டிருந்தபோது ராத்திரி ராத்திரியாக நெட்டில் தேடினேன். கிடைத்ததெல்லாம் வெளிநாட்டுப் பசங்கள் ஆங்கிலத்தில் புலம்பி வைத்தவை. நம் ஊரிலும் இது நடந்திருக்கும், யாரும் வெளியே சொல்வதில்லை. சொன்னால் "காசு கொடுத்து நம்பர் ஏத்துனவன்" என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

நான் பேஸ் கிட்டார். பேண்டின் கணக்கு, மெயில், பாஸ்வேர்டு எல்லாமே என் பொறுப்பு, ஏன் என்னிடம் வந்தது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. டிரம்ஸை மட்டும் சாலிகிராமத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தோம். மற்றதெல்லாம் கிட்டாரிஸ்ட் வீட்டு அறையில், மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்து, ஃபேனை அணைத்துவிட்டு, வேர்வையோடு. மிக்ஸிங், மாஸ்டரிங், கவர், லிரிக் வீடியோ, இன்ஸ்டாகிராம் விளம்பரம் என்று மொத்தம் 1,40,000 ரூபாய் ஆனது. நாலு பேரும் சமமாகப் போட்டோம். யாருக்கும் சம்பளத்துக்கு மேல் ஒரு வருமானம் கிடையாது.

ரிலீஸ் செய்வது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பாட்டிஃபை மாதிரியான பாட்டு ஆப்களில் நாமே நேராகப் பாட்டு ஏற்ற முடியாது, நடுவில் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டும். வருடச் சந்தா கட்டினால் எல்லா ஆப்களுக்கும் அவர்கள் அனுப்பிவிடுவார்கள். கூடவே ஐஎஸ்ஆர்சி என்று, இது இன்ன பாட்டின் ஒலிப்பதிவு என்று அடையாளம் காட்டும், 12 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடும் தருவார்கள். இந்தியாவில் இதை வழங்கும் அமைப்பு இந்தியன் மியூசிக் இண்டஸ்ட்ரி. பெரும்பாலானவர்கள் டிஸ்ட்ரிபியூட்டர் தருவதை அப்படியே வாங்கிக்கொள்வார்கள், நாங்களும் அப்படித்தான். இந்தக் குறியீட்டை ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். பின்னால் எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

வெள்ளிக்கிழமை ரிலீஸ் வைத்தோம். 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்கப் புதுப் பாட்டு வெள்ளிக்கிழமைதான் வருகிறது. பிரிட்டனில் பாட்டுகளை வரிசைப்படுத்தும் வாராந்தரப் பட்டியலான சார்ட்டின் வாரமும் வெள்ளி தொடங்கி வியாழனில் முடிகிறது. அம்மாவிடம் சொன்னபோது, "வெள்ளிக்கிழமையா, நல்லதாப் போச்சு. பத்தரையிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் மட்டும் யாருக்கும் லிங்க் அனுப்பாத" என்றாள். அனுப்பவில்லை.

முதல் சில வாரம் நாங்கள் எதிர்பார்த்த மாதிரிதான் போனது. தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள், காலேஜ் சீனியர்கள், டொராண்டோவில் இருக்கும் பாடகரின் அத்தை வீட்டுக் கூட்டம். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது ஸ்ட்ரீம். ஸ்பாட்டிஃபையில் 2024 தொடக்கத்திலிருந்து ஒரு விதி உண்டு. 12 மாதத்தில் ஒரு பாட்டு 1,000 தடவையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்கு ராயல்டி கணக்கே ஆரம்பிக்கும். அந்த ஆயிரத்தைத் தாண்டிய நாளில், நாங்கள் பயிற்சி எடுக்கும் ஜாம் ரூமில் பரோட்டா வாங்கிச் சாப்பிட்டோம். பரோட்டாவுக்கு ஆன செலவு அந்த ஆயிரம் ஸ்ட்ரீமில் வந்த வருமானத்தைவிட அதிகம்.

சொந்தக்காரர்கள் ஆயிரத்தையெல்லாம் கேட்பதில்லை. "சார்ட்ல வந்துச்சாப்பா?" என்றுதான் கேட்கிறார்கள். எந்த சார்ட்டில் வரும்? 2021 ஜூனில் இந்தியாவில் தொடங்கிய முதல் இருபது பட்டியல் வெளிநாட்டுப் பாட்டுகளுக்கானது. 2022 பிப்ரவரியில் வந்த, அமெரிக்க இசைப் பத்திரிகை பில்போர்டின் இந்தியப் பட்டியலில் 25 இடம்தான். அதில் ஏறும் பாட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு படமோ ஒரு பெரிய லேபிளோ இருக்கும். எங்களைப் போன்றவர்களுக்கு சார்ட் என்றால் ஆர்ட்டிஸ்ட் பக்கத்தில் தெரியும் 'மன்த்லி லிஸனர்ஸ்', அதாவது மாதத்தில் எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண்தான். காலேஜ் கல்ச்சுரல்ஸ் நடத்தும் பசங்கள் புக் பண்ணும் முன் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான். எங்கள் ட்ரம்மர் இதற்கெல்லாம் அசரமாட்டான். ரேடியோஹெட் என்ற ஆங்கில ராக் பேண்டின் 'க்ரீப்' பாட்டு 1992-இல் பிரிட்டனில் 78-ஆவது இடத்தோடு நின்றுபோனதையும், அடுத்த வருடம் மறுபடி வெளியிட்டபோது 7-ஆவது இடத்துக்கு வந்ததையும் சொல்லிச் சொல்லியே எங்களைத் தேற்றுவான். நடுவில் அந்தப் பாட்டு முதலில் பிடித்துக்கொண்டது இஸ்ரேல் ரேடியோவில் என்பதால், "நமக்கும் எங்கேயாவது ஒரு இஸ்ரேல் இருக்கும்டா" என்பான். அதனால் திடீரென்று ஒரு நாள் நம்பர் ஏறியபோது எங்களுக்கு முதலில் வந்தது சந்தேகமல்ல.

காலையில் ஆபீஸ் பஸ்ஸில் ஆப்பைத் திறந்தேன். தரையோடு தரையாக ஓடிக்கொண்டிருந்த கோடு செங்குத்தாக நிமிர்ந்திருந்தது. ஒரே நாளில் இரண்டாயிரத்துச் சொச்சம். ட்ரம்மர் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தான். அடுத்தடுத்த நாட்களில் ஒன்பதாயிரத்தைத் தொட்டது. எனக்கு உறுத்த ஆரம்பித்தது அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்ததைப் பார்த்தபோதுதான். ஸ்ட்ரீம் ஒன்பதாயிரம், கேட்டவர்கள் எண்ணிக்கையோ நூற்றைம்பதுக்குள். அதாவது ஒரு ஆள் அறுபது தடவை கேட்டிருக்கிறார். எங்கள் பாட்டை என் அம்மாகூட அத்தனை தடவை கேட்டதில்லை. பாட்டைச் சேமித்தவர்கள் ஒருவர்கூட இல்லை. ஊர்ப் பட்டியலில் சென்னைக்கு மேலே ஹெல்சிங்கி உட்கார்ந்திருந்தது. பின்லாந்தில் எங்களுக்கு ஒரு ஈ காக்கா தெரியாது.

எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் ஒரு ப்ளேலிஸ்ட். கவர் படத்தில் ஹெட்போன் மாட்டிய பெண், ஒரு கையில் ஆறு விரல். உள்ளே போனால் ஒரு பியானோத் துண்டு, அடுத்து போலிஷ் மொழியில் ராப், அடுத்து மழைச் சத்தம், அதற்கடுத்து நாங்கள், எங்களுக்குக் கீழே பிரேசில்காரர் யாரோ. எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள் முடியும் பாட்டுகள். நடுவில் ஐந்தரை நிமிடத் தமிழ் ராக். மனிதனாகப் பிறந்த ஒருவன் இந்த வரிசையில் பாட்டுக் கேட்கமாட்டான். முப்பது விநாடி ஓடினால் ஒரு ஸ்ட்ரீம் என்பது கணக்கு. பாட், அதாவது ஆள் மாதிரி தானாகப் பாட்டை ஓட்டும் மென்பொருள், அதை ஓட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடும்.

உங்களுக்கு இந்த மாதிரி ஒரு கோடு நிமிர்ந்தால் அன்றைக்கே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தப் பக்கத்தைத் தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். ஸ்ட்ரீம் எண்ணை விட்டுவிட்டு, கேட்டவர்கள், சேமித்தவர்கள், ஊர், எந்த ப்ளேலிஸ்ட் என்ற நாலையும் எடுங்கள். ப்ளேலிஸ்ட்டின் லிங்க்கையும் அதை வைத்திருப்பவரின் பக்கத்தையும் எடுங்கள், ஏனென்றால் அவை சில நாளில் மாயமாகிவிடும். பிறகு டிஸ்ட்ரிபியூட்டருக்கும் ஆப்புக்கும் நீங்களே முந்திக்கொண்டு எழுதுங்கள்: "இது நாங்கள் கேட்டதல்ல, எங்களுக்குச் சந்தேகமாக இருக்கிறது." மற்ற ஆப்களில் அதே நாட்களில் நம்பர் ஏறாமல் சாதாரணமாக இருந்தால் அதையும் இணையுங்கள். நான் எழுதினேன். "உங்கள் கோரிக்கை கிடைத்தது" என்று ஒரு தானியங்கி பதில் வந்தது. அது ஒன்றுதான் வந்தது.

அதற்கப்புறம் வந்த மெயிலின் தலைப்பிலேயே விஷயம் இருந்தது. செயற்கை ஸ்ட்ரீமிங் கண்டறியப்பட்டதால் உங்கள் பாடல் எல்லாத் தளங்களிலிருந்தும் நீக்கப்பட்டது, கணக்கில் உள்ள தொகை நிறுத்திவைக்கப்படுகிறது, அபராதம் பிடித்துக்கொள்ளப்பட்டது, இந்த முடிவு இறுதியானது. நான் முன்னால் அனுப்பிய புகாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மெயிலைப் படித்தபோது கோபம்கூட வரவில்லை, கூச்சம்தான் வந்தது. செய்யாத தப்புக்கு வாத்தியார் வகுப்பு முன்னால் நிற்க வைத்தால் வருமே, அது.

இவர்கள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். சந்தாப் பணமும் விளம்பரப் பணமும் ஒரே தொட்டியில் விழுகிறது, மொத்த ஸ்ட்ரீமில் யாருக்கு எத்தனை பங்கோ அதன்படிதான் பிரிக்கிறார்கள். பொய் ஸ்ட்ரீம் ஒருவனுக்குக் கொடுக்கும் காசு இன்னொருவனிடமிருந்து போகிறது. பிரான்சின் தேசிய இசை மையம் 2023 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு, 2021-இல் அந்த நாட்டில் கேட்கப்பட்டவற்றில் 1 முதல் 3 சதவீதம் மோசடி என்றது. 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் நார்த் கரோலைனாக்காரர் ஒருவர் மீது வழக்குப் போட்டார்கள். ஏஐ செய்த பாட்டுகளை பாட்களை விட்டுக் கேட்க வைத்து 1 கோடி டாலருக்கு மேல் சுருட்டினார் என்பது குற்றச்சாட்டு. மோசடி என்று உறுதியான பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை 2024-லிருந்து டிஸ்ட்ரிபியூட்டரிடமே கட்டணம் வசூலிக்கிறது. அவர்கள் அதை நம் தலையில் கட்டுகிறார்கள். விசாரிக்க ஆள் வைப்பதைவிடப் பாட்டைத் தூக்குவது அவர்களுக்கு மலிவு.

நம்பரை ஏற்றிக் காட்டும் ஆசை ஒன்றும் புதுசு இல்லை. பீட்டில்ஸின் 'லவ் மீ டூ' 1962-இல் 17-ஆவது இடம் வந்ததே மேனேஜர் பிரையன் எப்ஸ்டைன் தன் குடும்பத்தின் லிவர்பூல் கடைக்குப் பத்தாயிரம் ரெக்கார்டு வாங்கிக் குவித்ததால்தான் என்று ஒரு வதந்தி இன்றுவரை ஓடுகிறது. அவர் மறுத்தார். அமெரிக்காவில் ரேடியோ அறிவிப்பாளர்கள் காசு வாங்கிக்கொண்டு பாட்டுப் போட்டதை 1960-இல் நாடாளுமன்றமே விசாரித்தது. ஒரு வித்தியாசம், அந்தக் கதைகளில் காசு போட்டதாகச் சொல்லப்படுவது பாட்டுக்காரனின் மேனேஜரோ லேபிளோதான், முன்பின் தெரியாத ஒருவன் இல்லை.

நஷ்டக் கணக்கைச் சொல்கிறேன். விளம்பரம் ஓடிக்கொண்டே இருந்தது, பாட்டே இல்லாத லிங்க்குக்கு. நான் கவனித்து நிறுத்துவதற்குள் எட்டாயிரம் போய்விட்டது. போஸ்டரிலும் சின்னக் கார்டுகளிலும் க்யூஆர் கோடு அச்சடித்திருந்தோம், 6,500 ரூபாய். ஸ்கேன் செய்தால் 'இந்தப் பாடல் கிடைக்கவில்லை'. ஒரு காலேஜ் நிகழ்ச்சி 25,000 ரூபாய்க்குப் பேசி முடித்திருந்தோம். கமிட்டிப் பையன் லிங்க்கைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணா, சார் கேக்குறாரு, ஃபேக்னு எடுத்துட்டாங்களாமே" என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். வேறு பேண்டுக்குப் போய்விட்டது. நிறுத்திவைத்த தொகை சொற்பம்தான், ஆனாலும் அது நிஜமாகக் கேட்டவர்களால் வந்தது. ஆகக்கூடி நாற்பதாயிரத்தை ஒட்டி. இதிலிருந்து ஒரு விஷயம்: போஸ்டரில், விளம்பரத்தில், எங்கேயும் ஆப்பின் நேரடி லிங்க்கைப் போடாதீர்கள். நீங்கள் நினைத்த நேரத்தில் வேறு இடத்துக்குத் திருப்பிவிடக்கூடிய உங்களுடைய ஒரு லிங்க்கை நடுவில் வையுங்கள். அப்படி இருந்திருந்தால் அன்று சாயங்காலமே யூட்யூபுக்குத் திருப்பியிருக்கலாம். கார்டுகள் வீணாகியிருக்காது.

காசைவிடப் பெரிய அடி உள்ளே விழுந்தது. பாடகர் குரூப்பில் கேட்டார்: "யாராவது காசு கொடுத்தீங்களா? கொடுத்திருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் எதுவும் சொல்லமாட்டேன்." யாரும் பதில் போடவில்லை. ரிலீஸுக்கு முன்னால் கிட்டாரிஸ்ட் ஒரு தடவை விளையாட்டாக, "ஒரு அஞ்சாயிரம் போட்டு ஏத்திப் பாப்போமா" என்று சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. அவன் பெயரை யாரும் எடுக்கவில்லை. ஆனால் நாங்கள் அவனைத்தான் நினைக்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. குரூப்பை விட்டுப் போனான், போனை எடுக்கவில்லை. ஜாம் ரூமுக்கு வாடகை கட்டிவிட்டு நானும் ட்ரம்மரும் உட்கார்ந்து ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைகள் உண்டு. பேண்ட் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

விடை இன்ஸ்டாகிராமில் இருந்தது. பேண்ட் பக்கத்தில், தெரியாதவர்கள் அனுப்பும் மெசேஜ்கள் போய் விழும் தனி இடத்தில். ஏதோ ஒரு ப்ரமோஷன் கணக்கு, கோடு நிமிர்ந்ததற்கு முந்தின நாள் அனுப்பியிருந்தது. உங்கள் பாட்டு பிடித்திருக்கிறது, எங்கள் ப்ளேலிஸ்ட்டில் இலவசமாகச் சாம்பிள் போட்டிருக்கிறோம், ரிசல்ட்டைப் பாருங்கள், தொடர விரும்பினால் மாதம் ஆறாயிரம். அதாவது வேலையைக் காட்டிவிட்டுப் பிறகு விலை பேசுகிறார்கள். பாட்டு போய்த்தொலைந்தால் அவர்களுக்கு என்ன? அந்த ஸ்க்ரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்ப மனசு வரவில்லை, பைக்கை எடுத்துக்கொண்டு கிட்டாரிஸ்ட் வீட்டுக்கே போனேன். அவன் போனை வாங்கி மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தான். "மத்த ரெண்டு பேருக்கும் காட்டினியா?" "இல்ல. உனக்குத்தான் முதல்ல." உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பாடகர் அவனிடம் மன்னிப்புக் கேட்டதும் அவன் திரும்பி வந்ததும் அதற்கப்புறம் நடந்தவை, அதை இங்கே எழுத வேண்டாம் என்று இருவருமே சொல்லிவிட்டார்கள்.

ரிலீஸ் நாளிலிருந்து அந்த மெசேஜ் பெட்டியைத் தினமும் ஒருவர் பார்க்க வேண்டும் என்று இப்போது எங்களுக்குள் முறை வைத்திருக்கிறோம். 'சாம்பிள்', 'கேரண்டி', 'இத்தனை நாளில் இத்தனை ஸ்ட்ரீம்' என்று வருகிற எதற்கும் பதில் போடாமல், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அன்றே டிஸ்ட்ரிபியூட்டருக்குத் தெரிவித்துவிடுகிறோம். ஒருவர் எத்தனை ஸ்ட்ரீம் வரும் என்று முன்கூட்டியே உறுதி சொல்கிறார் என்றால், கேட்கப்போவது மனிதர்கள் இல்லை.

அந்த மெசேஜை இணைத்து மறுபடி முறையிட்டேன். 'இறுதியானது' என்ற அதே பத்தி திரும்பி வந்தது. அதனால் வேறு டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாறினோம். இங்கேதான் அந்த 12 எழுத்துக் குறியீடு. அது பாட்டோடு போவது, கொடுத்தவரோடு நின்றுவிடுவதில்லை. அதே குறியீடு, அதே மாஸ்டர் ஃபைல் (பாட்டின் இறுதி ஒலிக்கோப்பு), அதே தலைப்பு, பெயர்களில் ஒரு புள்ளிகூட மாறாமல் ஏற்றினால் பழைய எண்ணிக்கை பெரும்பாலும் வந்து ஒட்டிக்கொள்ளும். எங்களுக்கு வந்தது, பொய் ஒன்பதாயிரம் கழிந்து நிஜமான ஆயிரத்துச் சொச்சத்தோடு. மாஸ்டர் ஃபைல் மிக்ஸிங் செய்தவரிடம் மட்டும் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், இரண்டு இடத்தில் வையுங்கள். புது இடத்தில் சேரும்போது நடந்ததை மறைக்காமல் எழுதினேன். மறைத்துப் பிறகு தெரிந்தால் கணக்கையே மூடிவிடுவார்கள்.

இந்தக் கலவரத்தில் இன்னொன்றும் தெரிந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் வசூலிப்பது ஒலிப்பதிவுக்கான பணம் மட்டும். வரி எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் சேர வேண்டியது தனி, அதற்கு அவர்களுக்கான ராயல்டியை வசூலிக்கும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகி பாட்டைப் பதிவு செய்ய வேண்டும். 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சினிமாப் பாட்டுக்கே அந்த ராயல்டி உரிமையைத் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது. நாமோ யாரும் பிடுங்காமலே விட்டு வைத்திருக்கிறோம். பாட்டு ஆப்களில் இல்லாதிருந்த நாட்களில் கேட்பவர்கள் பாட்டை நேராகக் காசு கொடுத்து வாங்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் வைத்து விற்றோம். டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் எடுப்பது 15 சதவீதம். அங்கே காசு கொடுத்து வாங்கிய சிலரின் தொகை, ஆப்களில் அதுவரை வந்த மொத்தத்தைத் தாண்டிவிட்டது.

ட்ரம்மர் இப்போது ரேடியோஹெட்டை விட்டுவிட்டு கில்லர்ஸ் என்ற அமெரிக்க ராக் பேண்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். 'மிஸ்டர் பிரைட்சைட்' 2003-இல் முதல் தடவை வந்தபோது சீந்த ஆள் இல்லை. 2004-இல் மறுபடி போட்டபோது பிரிட்டனில் 10-ஆவது இடம், அதற்கு மேல் ஏறவே இல்லை. ஆனால் முதல் நூறில் 400 வாரத்துக்கு மேல் இருந்திருக்கிறது. எனக்கு இந்தக் கதை 'க்ரீப்'பைவிடப் பிடிக்கிறது, ஏனென்றால் நான் இப்போது பார்க்கிற எண்ணும் அந்த மாதிரிதான். போன மாதம் கேட்டவர்களில் எத்தனை பேர் இந்த மாதமும் கேட்டார்கள் என்பது.

அடுத்த சிங்கிளுக்காக டிஸ்ட்ரிபியூட்டர்களிடம் மெயிலில் மூன்று கேள்வி கேட்டேன், நீங்களும் சந்தா கட்டும் முன் கேளுங்கள். செயற்கை ஸ்ட்ரீம் என்று சந்தேகம் வந்தால் நீக்குவதற்கு முன் எனக்குத் தகவல் வருமா, எத்தனை நாள் அவகாசம்? அந்த ஒரு பாட்டை மட்டும் நிறுத்துவீர்களா, கணக்கு முழுவதையுமா? முறையீட்டை ஒரு மனிதர் படிப்பாரா? முதல் இரண்டுக்கு எல்லாரும் ஏதோ ஒரு பதில் தருகிறார்கள். மூன்றாவதற்கு ஒரே ஒரு இடத்திலிருந்துதான் பெயர் போட்டுப் பதில் வந்தது. சந்தா கொஞ்சம் அதிகம். அங்கேதான் கட்டியிருக்கிறோம்.